கார் டயருக்கும் ரிம்முக்கும் உள்ள அளவுப் பொருத்தம்

கார் டயரின் அளவுப் பொருத்தம் என்பது, ஒரு டயர் அது மாட்டப்படும் ரிம் எனும் உலோகச் சக்கரத்துடனும் அந்தக் காருடனும் இசைந்திருப்பதைக் குறிக்கும். ரிம்மின் விட்டம், ரிம்மின் அகலம், டயரின் மொத்த விட்டம் ஆகிய மூன்றும் இதில் சரிபார்க்கப்படுகின்றன. ரிம்மின் விட்டம் டயரில் குறிப்பிட்டதிலிருந்து சிறிதும் மாறக்கூடாது. அகலம் ஒரு வரம்புக்குள் மாறலாம். மொத்த விட்டம் காருடன் வந்த டயரின் அளவை ஒட்டியே இருக்க வேண்டும்.

டயரில் உள்ள குறியீடு

டயரின் அளவு அதன் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 185/65 ஆர்15 88எச் என்ற குறியீட்டின் பொருள் வருமாறு:

• 185 – டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
• 65 – பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது 120.25 மி.மீ.
• ஆர் – ரேடியல் வகைக் கட்டமைப்பு.
• 15 – பொருந்தும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.
• 88 – சுமைக் குறியீடு. ஒரு டயர் தாங்கக்கூடிய பெரும எடை 560 கிலோகிராம்.
• எச் – வேகக் குறியீடு. மணிக்கு 210 கி.மீ. வரை.

ரிம்மில் உள்ள குறியீடு

ரிம்மில் 5.5ஜே×15 என்பது போன்ற குறியீடு காணப்படும். 5.5 என்பது இரு ஓரங்களுக்கும் இடைப்பட்ட உள் அகலம், அங்குலத்தில். ஜே என்பது ஓரத்தின் வடிவத்தைக் குறிக்கும். 15 என்பது டயர் வந்து அமரும் இடத்தின் விட்டம். ரிம்மின் வெளியோரம் இதைவிட உயர்ந்து நிற்பதால், ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்தால் 15 அங்குலத்தைவிடக் கூடுதலாக வரும். எனவே, அளவு நாடாவை நம்பாமல் குறியீட்டைப் பார்ப்பதே சரியானது.

விட்டம்

டயரின் உள்விளிம்பு பீட் எனப்படும். அதனுள் எஃகுக் கம்பி வளையம் உள்ளது; அது ரப்பரைப்போல் நீளாது. காற்றழுத்தம் பீடை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பதால்தான் டயர் கழலாமலும் காற்று கசியாமலும் இருக்கிறது. ஆகவே 15 அங்குல டயர் 15 அங்குல ரிம்முக்கு மட்டுமே உரியது.

அளவு வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கும்போதுதான் ஆபத்து மிகுதி. அமெரிக்காவில் இலகுரகச் சரக்கு வாகனங்களுக்கு 16 அங்குல ரிம்களுடன் 16.5 அங்குல ரிம்களும் இருந்தன. 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் ஏற்றிவிட முடியும். ஆனால் பீட் தன் இடத்தில் அமராது. அமரவைக்கக் கூடுதலாகக் காற்றடைக்கும்போது கம்பி அறுந்து டயர் வெடிக்கும். இவ்வாறு காற்றடைத்தவர்கள் உயிரிழந்ததுண்டு. இதனால் அங்கு இவ்வகை டயர்களின் பக்கச்சுவரிலேயே எச்சரிக்கை பொறிக்கப்படலாயிற்று.

அகலம்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலங்களைத் தரநிலை அமைப்புகள் வரையறுக்கின்றன. 185/65 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்கள் ஏற்றவை. ரிம்மின் அகலம் அரை அங்குலம் மாறினால், மாட்டிய டயரின் அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. மாறும்.

வரம்பைவிடக் குறுகிய ரிம்மில் பக்கச்சுவர்கள் உள்நோக்கி நெருக்கப்படும். தரையில் படும் பகுதி நடுவில் புடைத்து விரைவில் தேயும். வளைவுகளில் கார் தள்ளாடும். வரம்பைவிட அகன்ற ரிம்மில் பக்கச்சுவர் இழுபட்டு நிற்கும். குழிகளில் இறங்கும்போது ரிம் எளிதில் அடிபடும், பீட் இடம்விட்டு நழுவவும் கூடும்.

மொத்த விட்டம்

பக்கச்சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் கிடைக்கும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

மாருதி சுசுகி ஸ்விஃப்ட் கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் விலை குறைந்த வகைகளில் 165/80 ஆர்14 டயரும், உயர் வகைகளில் 185/65 ஆர்15 டயரும் பொருத்தப்பட்டு வந்துள்ளன. முதலாவதன் விட்டம் 619.6 மி.மீ.; இரண்டாவதன் விட்டம் 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதானபோது பக்கச்சுவர் குறைக்கப்பட்டதால், வேறுபாடு 2 மி.மீ. கூட இல்லை.

மாறாக, 14 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 165/80 ஆர்15 டயரை மாட்டினால் விட்டம் 645 மி.மீ. ஆகிவிடும், இது சுமார் 4 விழுக்காடு கூடுதல். வேகமானி சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே வேகத்தைக் கணிக்கிறது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 100 எனக் காட்டும்போது, கார் 104 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். திருப்பும்போது டயர் சக்கர வளைவில் உரசவும் கூடும். பொதுவாக 3 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வேறுபாடு தவிர்க்கப்படுகிறது.

பிற பொருத்தங்கள்

புதிய ரிம் வாங்கும்போது போல்ட் துளைகளின் அமைப்பு, நடுத்துளையின் விட்டம், ரிம் உள்ளே அல்லது வெளியே தள்ளியிருக்கும் அளவு ஆகியவையும் காருக்குப் பொருந்த வேண்டும். 4×100 என்பது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு துளைகள் இருப்பதைக் குறிக்கும். புதிய டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கார் நிறுவனம் பரிந்துரைத்தவற்றைவிடக் குறையக்கூடாது. ஒரே அச்சில் உள்ள இரு டயர்களும் ஒரே அளவினதாக இருக்க வேண்டும்.

பரிந்துரைக்கப்பட்ட அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்ட தாளிலும், காருடன் தரப்படும் கையேட்டிலும் இருக்கும். பழைய டயரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், முந்தைய உரிமையாளர் செய்த தவறும் சேர்ந்தே தொடரக்கூடும்.