குளிர்காயும் அடுப்பு ஏன் சூடு தருவதில்லை?



கொழும்பிலிருந்தோ காலியிலிருந்தோ நுவரெலியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் முதல் வருடக் குளிரில் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தேயிலைத் தளிரே கருகிப் போகுமளவுக்கு உறைபனி விழுவதுண்டு. 2025-இல் மார்ச் தொடக்கத்தில் வந்த ரமழானோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, இந்தக் குளிர் மாதங்களுக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஸஹருக்கு முதலில் எழும்புகிறவள் வீட்டுப் பெண். அவள் அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் மற்றவர்கள் போர்வையை விலக்குகிறார்கள்.

அந்த அடுப்பு சூட்டைத் தராமல் புகையை மட்டும் தந்தால் என்ன செய்வது?

வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பங்களாக்களில் மட்டுமல்ல, மலைநாட்டு நகரங்களின் பழைய கல் வீடுகள் சிலவற்றிலும் ஹோலில் சிம்னி வைத்த குளிர்காயும் அடுப்பு இருக்கிறது. தோட்டத்து லயன் காம்பராக்களில் அதுவும் கிடையாது. குசினி அடுப்பே குளிருக்கும் அடுப்பு. எதுவானாலும் குறை ஒன்றுதான்: “விறகைத் தின்கிறது, சூடு வரவில்லை.”

முதலில் விறகைப் பாருங்கள். ஹட்டன் பக்கத்தில் மே மாதம் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடுவதில்லை. பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை எரித்தால் நெருப்பின் பலத்தில் ஒரு நல்ல பங்கு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். உங்களுக்கு மிஞ்சுவது கண்ணெரிச்சல். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கணீரிட்டால் காய்ந்த விறகு, ‘தொப்’ என்றால் ஈர விறகு. கட்டையின் முனையில் வெடிப்பு விட்டிருப்பதும் காய்ந்ததற்கு அடையாளம். யூகலிப்டஸ் போன்ற பருத்த மரத்தைப் பிளந்து, மேலே தகரம் போட்டு, பக்கங்களில் காற்றோட விட்டு ஆறு மாதமாவது வைக்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு மெலிந்ததாகையால் சீக்கிரம் காயும்.

அடுத்தது சிம்னி. நெருப்பு மூச்சு விடும் பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே காற்று உள்ளே போக வேண்டும், மேலே புகை வெளியே போக வேண்டும். இரண்டில் ஒன்று அடைபட்டாலும் அது திணறும். நாளெல்லாம் எரியாத சிம்னிக்குள் குளிர்ந்த காற்று கட்டிபோல் உட்கார்ந்திருக்கும். அடியில் விறகைப் பற்ற வைத்தால் புகை அதை முட்டிவிட்டு ஹோலுக்கே திரும்பி வரும். பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டிப் பற்ற வைத்து, சிம்னி வாய்க்கு நேரே ஒரு நிமிடம் பிடித்தால் அந்தக் காற்று சூடேறி மேலே எழும். பிறகு விறகை மூட்டலாம். அப்படியும் புகை திரும்பினால் உள்ளே பறவைக் கூடோ சருகோ கரியோ அடைத்திருக்கும். சிம்னிக்குள் இரும்பு மூடித் தகடு இருக்குமானால் அது துருப்பிடித்து மூடியபடியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈர விறகின் புகை சிம்னிச் சுவரில் தாராகப் படிந்து, ஒரு நாள் அதுவே தீப்பிடித்துக் கூரைக்கும் பரவலாம். வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்ததும், ஆள் பிடித்துத் துடைப்பியுங்கள். பெருநாளைக்கு வீட்டுக்குச் சாயம் பூசும் நாம் சிம்னிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை! சிம்னியின் தலை கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மலைக்காற்று புகையைத் திருப்பிக் கீழே தள்ளும்.

இவையெல்லாம் செய்யக்கூடிய வேலைகள். ஆனால், அடுப்பு சூடு தராதபோது நம்மவர்கள் செய்வது வேறு. ஜன்னலை இறுக்கி மூடி, கதவிடுக்கில் சாக்கைச் செருகி, குசினியிலிருந்து தணலை இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து படுக்கையறையில் வைக்கிறார்கள். 2022-இல் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் அலைந்தோம். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. அன்று கரிக்கும் விறகுக்கும் திரும்பிய வீடுகள் பல. தணல் சட்டியைக் குறை சொல்லும்போது அந்தக் கஷ்டத்தை நான் மறக்கவில்லை. ஆயினும் சொல்லியே ஆக வேண்டும்.

புகை இல்லாத தணலில் ஆபத்து இல்லை என்று நினைப்பது பெரும் தவறு. மூடிய அறையில் கரி கனலும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வெளிப்படுகிறது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது, பாருங்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு அது பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2024 ஆகஸ்டில், நம் மலைநாட்டைப் போலவே குளிரும் தமிழ்நாட்டின் கொடைக்கானலில், இறைச்சி வாட்டிய கரியடுப்பின் தணல் இருந்த விடுதி அறையில் உறங்கிய இரு இளைஞர்கள் மறுநாள் காலையில் எழும்பவில்லை.

பிள்ளை பெற்ற தாயின் அறையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பச்சையுடம்புக்குக் குளிர் ஆகாது என்று பெரியவர்கள் கதவை அடைத்து, தணலில் சாம்பிராணி போட்டு, அப்படியே விட்டுவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் சிசுவையும் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள கருவையும் இந்த வாயு மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும். குழந்தைக்குச் சூடு வேண்டுமா? தாயின் மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்கி, குழந்தையைக் கிடத்துமுன் போத்தலை எடுத்துவிடுங்கள்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு வீட்டாரோடு தீப்பற்றியது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகையென்றும், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டுமென்றும் கூறினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. எலி விளக்குத் திரியை இழுத்துப்போய் வீட்டை எரித்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கையும் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது.

“எங்கள் அடுப்பில் சுவாலை இல்லையே, எலி இழுக்கத் திரியும் இல்லையே” என்று ஒரு சகோதரி கேட்கலாம். நல்ல கேள்விதான். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதைத் தொடுகிறார்கள். தீங்குக்கு இடமில்லாதபடி தொங்கவிடப்பட்ட விளக்கை அணைக்காமல் விடுவதில் குற்றமில்லை எனத் தோன்றுகிறது, ஏனெனில் தடுக்கப்பட்டதற்கான காரணம் அங்கே இல்லை என்பது அவர்கள் கருத்து. அதாவது, சட்டம் காரணத்தோடு சேர்ந்து நடக்கிறது. காரணம் தீங்கு என்றால், கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும் தணல் சட்டி அந்தத் தடைக்குள் முதல் வரிசையிலேயே வந்துவிடுகிறது. தீ எரிக்க மாட்டாது என்று உறுதி செய்துகொண்டால் போதாது. மூச்சு அடைக்க மாட்டாது என்றும் உறுதி வேண்டும். கரித் தணலுக்கு அந்த உறுதி ஒருபோதும் கிடையாது. ஜன்னலைச் சற்றே திறந்து வைப்பதும் போதாது.

அறையில் நெருப்பிருக்கும்போது தலை வலித்தால், தலை சுற்றினால், குமட்டினால், குறிப்பாக வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் அப்படி வந்தால், வெளியே போனதும் குறைந்தால், அது தடிமன் காய்ச்சலல்ல. எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து, 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள். காசில்லை. அறையில் தணல் இருந்தது என்பதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சிறு கருவி இந்த வாயுவையும் ஒட்சிசனையும் பிரித்தறியாது. எண் நன்றாக இருக்கிறதென்று ஆறுதல்பட்டு இருந்துவிட வேண்டாம்.

இரவில் ஹோல் அடுப்பை மூட்டுவதானால் இஷாவுக்குப் பின் புதுக் கட்டை போடாதீர்கள். படுக்கும்போது மீதியிருக்கும் தணலை இரும்பு வாளியில் அள்ளி மூடி, முற்றத்தில், சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். விறகுக் கொட்டிலில் வேண்டாம். தணல் முற்றாக அணையும்வரை சிம்னித் தகட்டையும் மூட வேண்டாம். ஸஹர் அடுப்புக்கு வேண்டிய காய்ந்த மிலாற்றை அடுப்படியிலிருந்து தள்ளி முதல் நாளே எடுத்து வைத்துவிட்டால் இருட்டில் தடவ வேண்டியதில்லை. வாளியிலுள்ள சாம்பல் நன்றாக ஆறியதும் பாத்திரம் விளக்க உதவும். மிச்சத்தை லீக்ஸ் பாத்தியில் தூவலாம்.