பாலிஷ் போட்ட அலமாரியில் வட்ட ஓட்டை: இரண்டு பக்கமும் பிசிறில்லாமல்

போன மாசம் டிவி வயருக்காக, பாட்டி காலத்துத் தேக்கு அலமாரியின் பக்கப் பலகையில நானே ஓட்டை போட்டேன். வெளிப்பக்கம் அழகான வட்டம். கதவைத் திறந்து உள்ளே பார்த்தா, விளிம்பு முழுக்கச் சிலாம்பு பேந்து கிடக்கு.

காரணம் இதுதான். ஹோல் சா மறுபக்கம் வெளியே வரும்போது, கடைசி நார்களைத் தாங்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. பல் அறுக்கும் முன்னாடியே நார் பிய்ஞ்சிடுது.

அதனால ஒரே பக்கத்திலிருந்து முழுசா அறுக்காதீங்க. ஹோல் சா நடுவில் இருக்கும் டிரில் பிட், பற்களைவிட நீளமா இருக்கும். அதோட முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்க. அந்தச் சின்ன துளையையே மையமா வச்சு, மறுபக்கத்திலிருந்து மிச்சத்தை அறுங்க. இரண்டு வெட்டும் பலகைக்குள்ளேயே சந்திக்கும்.

மறுபக்கம் மிஷின் நுழையாதா? ஒரு வேஸ்ட் பலகையைப் பின்னால் வச்சு கிளாம்ப் போட்டு இறுக்குங்க. நார்களை அது தாங்கும்.

பாலிஷ் பேராமல் இருக்க, குறிச்ச இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. பல் மரத்தைத் தொட்டதும், முதல் சில சுற்று ரிவர்ஸில் ஓட்டினா மேல்பூச்சில் வட்டமா கோடு விழும். அப்புறம் நேராக, மெதுவான வேகத்தில் ஓட்டுங்க. வேகம் கூடினா மரம் கருகும்.

வயர் மூடி வாங்கியிருந்தா, அதோட கழுத்தை அளந்து அதுக்கேத்த ஹோல் சா எடுங்க. மேல் வளையத்தை அளக்காதீங்க. முதலில் வேஸ்ட் பலகையில் வெட்டி, மூடி பொருந்துதான்னு பாருங்க. ஓட்டையைப் பெரிசாக்கலாம், சின்னதாக்க முடியாது.