கடைக்கும் களஞ்சியத்துக்கும் இடையே: எந்த இணைப்பு நமக்குப் பொருந்தும்?

பெருநாளுக்கு முந்திய வாரம். கடை நிறைய ஆட்கள். ஒருவர் கேட்ட சாமான் மூன்று இருப்பதாகக் கணனி காட்டுகிறது. பில் போட்டு, காசையும் வாங்கியாயிற்று. ஆளைக் களஞ்சியத்துக்கு அனுப்பினால், 'அது நேற்றே வெளியூருக்கு ஏற்றியாயிற்று' என்று பதில் வருகிறது. காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த வாடிக்கையாளர் அடுத்த பெருநாளுக்கும் நம்மிடமே வருவாரா என்பதுதான் கேள்வி.

ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் பிரதான வீதியை ஒட்டி இடம் கிடைப்பது அரிது. எனவே முன்னால் கடை, பின் ஒழுங்கையில் களஞ்சியம், வேறொரு பக்கம் பட்டறை என்று தொழில் பிரிந்து கிடக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், 'பாதை'க்காகத் துறையில் காத்திருந்த காலம் போய், படுவான்கரையோடு கொடுக்கல் வாங்கலும் இலகுவாகியிருக்கிறது. சாமானும் ஆளும் போய்வர வழி உண்டு. கணக்கு போய்வர என்ன வழி? நான்கு வழிகளைப் பார்ப்போம்.

செப்புக் கேபிள்

மலிவானது, எவரும் இழுத்துத் தரக்கூடியது. இதன் எல்லை 100 மீற்றர். சுவருக்குச் சுவர் அளந்தால் போதாது. மாடி ஏறி, கூரை வழியாகச் சென்று, கீழே இறங்கும் நீளம் முழுவதும் இந்த நூறுக்குள் அடங்க வேண்டும்.

தூரத்தை விடப் பெரிய பிரச்சினை மின்னல். நம் நாட்டில் இடிமின்னல் கூடிய காலங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களுமாகும். கடைக்கு ஒரு மின்மானி, ஒரு ஏர்த், களஞ்சியத்துக்கு வேறொன்று. அருகில் எங்காவது மின்னல் விழுந்தால் இரு இடத்து ஏர்த்துக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். அது செப்புக் கம்பி வழியாக ஓடி, இரு முனையிலும் உள்ள சுவிட்சையும் கணனியையும் எரித்துவிடலாம். கணனியை மீண்டும் வாங்கலாம். அதற்குள் இருந்த கடன் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது? ஒரே கட்டடத்துக்குள் செப்பு நல்லது. இரு கட்டடங்களுக்கு இடையே தவிர்ப்பதே புத்தி.

பைபர் கேபிள்

இது கண்ணாடி இழை. வெளிச்சம் செல்லும், மின்சாரம் செல்லாது. ஆகவே மின்னல் அதன் வழியாகக் கட்டடம் தாண்டாது. ஆனால் உள்ளே உலோகக் கம்பியோ தகடோ இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 'சிங்கிள் மோட்' வகை பொதுவான உபகரணங்களுடனேயே 10 கிலோமீற்றர் வரை வேலை செய்யும். இரு முனையிலும் 'மீடியா கன்வர்ட்டர்' எனும் சிறு பெட்டியோ, பைபர் செருகக்கூடிய சுவிட்சோ தேவை. குழாய் புதைத்து அதற்குள் இழுத்தால் எலி, வெயில், மண்வெட்டி ஆகியவற்றிலிருந்து தப்பலாம். நான்கு இழை உள்ளதைப் போடுங்கள். இரண்டு போதும் என்றாலும், ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

கடையும் களஞ்சியமும் ஒரே வளவில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். இடையில் பிறர் காணியோ வீதியோ வந்தால் அனுமதி வேண்டும். பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. ஊர் வீதிகளுக்குப் பிரதேச சபையிலோ நகர சபையிலோ கேளுங்கள். மின்கம்பத்தில் கேபிளைக் கட்டித் தொங்கவிடுவது உயிருக்கே ஆபத்து.

வயர்லெஸ்

கூரைக்கு மேல் இரு அன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். வீதி தோண்ட வேண்டியதில்லை, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் போலச் செல்வதில்லை. நுனிகள் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் போன்ற வெளியை அது எடுத்துக்கொள்கிறது. வழமையான 5.8 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், 300 மீற்றர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரை ஏறத்தாழ 2 மீற்றர். 3 கிலோமீற்றருக்கு 6 மீற்றருக்கும் மேல். இதில் குறைந்தது 60 சதவீதம் தடையின்றி இருக்க வேண்டும். நமது ஊரில் தடை என்றால் தென்னைதான். வெயிலில் ஓடிய இணைப்பு, ஓலை நனைந்ததும் தளர்ந்து போகும். இன்று சிறிதாய் நிற்கும் கன்று நாளை வளரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வாவியைக் கடப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. மரமில்லாத திறந்த வெளி என்று மகிழ்ந்தாலும், நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடி போலத் தெறிக்கச் செய்யும். நேரே வந்த அலையும் தெறித்து வந்த அலையும் மோதி ஒன்றையொன்று பலவீனப்படுத்தலாம். மாரியில் வாவி நிறையும்போது இந்த நிலையும் மாறும். எனவே அன்டெனாவின் உயரத்தைச் சோதித்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணி, கம்பத்துக்கு ஏர்த், உறுதியான பிணைப்பு ஆகியவை அவசியம். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த உபகரணமா என்பதையும் வாங்குமுன் கேளுங்கள்.

இணையம் வழியாக

இரு இடத்திலும் இணைய இணைப்பு எடுத்து, அவற்றுக்கிடையே 'வீ.பீ.என்.' எனும் பூட்டிய வழியை ரவுட்டர்களில் அமைப்பது நான்காவது முறை. கல்முனையிலோ கொழும்பிலோ கிளை இருந்தால் இதுவே நடைமுறைக்கு ஏற்றது. கம்பமும் வேண்டாம், குழியும் வேண்டாம். மாதக் கட்டணம் மட்டும் தொடரும். பதிவேற்ற வேகம் எவ்வளவு, பொது ஐ.பி. முகவரி கிடைக்குமா என்ற இரண்டையும் ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள். பில் போட மிகச் சிறிய வேகம் போதும். கமெரா அப்படியல்ல: தெளிவான படம் தரும் ஒரு கமெராவுக்கு வினாடிக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை தேவைப்படும். எட்டுக் கமெராக்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவுப் பெட்டியைக் களஞ்சியத்திலேயே வைத்து, தேவையானபோது மட்டும் கடையிலிருந்து பார்ப்பது மேல்.

தீர்மானிக்கும் முன்

ஒரே வளவென்றால் பைபர். இடையில் வீதி இருந்து, பார்வை தெளிவாக இருந்தால் வயர்லெஸ். தூரமென்றால் இணையம். எதுவானாலும் இரு முனைக்கும் யூ.பி.எஸ். வையுங்கள், ஒரு பக்கம் கரண்ட் போனாலும் இணைப்பு இறந்துவிடும். கணக்கு மென்பொருள் விற்பவரிடம், 'இடையில் இணைப்பு அறுந்தால் பதிவு கெடுமா?' என்று கேளுங்கள். சில பழைய மென்பொருள்களில் கெடும்.

இறுதியாக, எந்த இணைப்பும் அறும் நாள் வரும். அன்று எழுத ஒரு துண்டுப் புத்தகம் மேசையில் இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் கணக்கின் பிரதி ஒன்றை வேறிடத்தில் சேமியுங்கள். களஞ்சியத்தில் சாமான் இறங்கும்போதே பதிய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பதியாத சாமானை எந்தக் கேபிளும் கடைக்குக் காட்டித் தராது.