எட்டு லட்சத்துக்குக் கீழே, பன்னிரண்டு லட்சத்துக்கு மேலே

அன்னூரை அடுத்த காலனி ஒன்றிலிருந்து ஒரு மாணவர் அண்மையில் எங்களிடம் வந்தார். பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கையில் இரண்டு தாள்கள். ஒன்று, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாது என்னும் வருமானச் சான்று. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு அதுவே முதல் தகுதி. மற்றொன்று, வங்கியில் காட்ட வேண்டிய தொகையை விசா முகவர் குறித்துக் கொடுத்த துண்டுச்சீட்டு. ஒரே குடும்பம் ஓர் அலுவலகத்தில் ஏழ்மையையும் இன்னோர் அலுவலகத்தில் வசதியையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

பிரித்தானிய மாணவர் விசாவுக்கு, முதலாண்டுக் கட்டணம் போக, ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். ஜெர்மனியும் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. கிட்டத்தட்ட அதே தொகைதான்.

தொகையைவிடக் கடுமையானது காலக்கணக்கு. பிரித்தானிய விதிப்படி அப்பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் விழும். கணக்கும் மாணவருடையதாகவோ, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளருடையதாகவோ, வாழ்க்கைத் துணையுடையதாகவோ இருக்க வேண்டும். தாய்மாமன் பணம் செல்லாது. வாரக்கூலி வாங்கி அவ்வாரமே கடன் அடைக்கும் விசைத்தறிக் குடும்பத்தில் எந்தப் பணம் 28 நாட்கள் உறங்கும்?

கல்விக் கடன் வாங்கலாமே என்பர். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. கொங்கு மண்டலத்தில் தோட்டமும் கிணறும் யாரிடம் உள்ளன, அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நம்மவரிடம் இருப்பது பெரும்பாலும் அரசு வழங்கிய வீட்டுமனைப் பட்டா. அதை விற்கவும் அடகு வைக்கவும் நிபந்தனைகள் உண்டு. விசா விதியில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனால் அது கேட்பது நிலம் சேர்த்து வைத்த பணத்தை.

இவ்விடைவெளியில்தான் வட்டிக்காரர் நுழைகிறார்: 28 நாட்களுக்குக் கணக்கில் பணம் போட்டு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மாணவர்களே, இதற்கு உடன்படாதீர்கள். பணம் உண்மையில் உங்களுடையதன்று எனத் தெரிந்தால் விசா மறுக்கப்படும். ஏமாற்று என முடிவானால் பத்தாண்டுத் தடையும் வரலாம்.

சட்டம் திறந்து வைத்துள்ள வழி ஒன்று உண்டு; முகவர்கள் அதை அரிதாகவே சொல்கிறார்கள். அரசோ பன்னாட்டு உதவித்தொகை அமைப்போ செலவை ஏற்றால், அதன் கடிதமே போதிய சான்று. 28 நாள் இருப்பு தேவையில்லை. தேசிய உதவித்தொகையின் 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. எனவே இக்கடிதம் வெறும் வாழ்த்து மடலன்று; விசாவே அதில்தான் நிற்கிறது.

2025-இல் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். தேசிய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் வழங்கப்பட்டது. மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் வழங்கப்படும் என்றார்கள். பட்டியலில் பெயர் இருந்தும், தூதரகம் ஏற்கும் தாள் அன்று அவர்கள் கையில் இல்லை. பல்கலைக்கழகம் செப்டம்பரில் தொடங்கிவிடும். உதவித்தொகையை மறுக்காமலேயே மறுக்க, தாமதம் ஒன்றே போதும்.

தேர்வானவர்கள் கடிதத்தை எழுத்துமூலம் கேளுங்கள். மனுவின் ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். துறையின் முகப்புத்தாளில், உங்கள் பெயர், தேதி, துறையின் தொடர்பு விவரம், உதவிக் காலம் ஆகியவற்றுடன், கட்டணமும் வாழ்க்கைச் செலவும் முழுமையாக ஏற்கப்படுகின்றனவா அல்லது எவ்வளவு தொகை என்பது தெளிவாக இருக்கட்டும். பகுதி மட்டுமே ஏற்கப்பட்டால், மீதித் தொகைக்கு மீண்டும் அந்த 28 நாள் கணக்கு வந்துவிடும்.