ஒரே கணினியில் பல கம்பைலர்கள்: முதலில் எது ஓடுகிறது என்று பாருங்கள்

புதிய கம்பைலரை நிறுவிய பிறகும் பழைய பதிப்பே ஓடுகிறது. நேற்றுவரை சரியாக இருந்த நிரல் இன்று பிழை காட்டுகிறது. சி++ கற்கும் மாணவர்கள் பலர் தங்கள் நிரலில் இல்லாத தவறைத் தேடிச் சோர்ந்துபோவது இங்கேதான். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நிரலை அல்ல, கணினியை.

மோதல் எப்படி வருகிறது?

ஜிசிசி கம்பைலரை இயக்க விண்டோஸில் 'ஜிசிசி' என்று தட்டினால், 'பாத்' பட்டியலில் உள்ள ஃபோல்டர்களைக் கணினி வரிசையாகத் தேடி, முதலில் அகப்படுவதை இயக்கிவிடும். ஸ்ட்ராபெர்ரி பெர்ல் போன்ற மென்பொருள்கள் தங்களுக்கென ஒரு ஜிசிசியைக் கொண்டுவந்து அந்தப் பட்டியலிலும் சேர்த்துவிடும். கணினிக்கான பொதுப் பாத் முன்னால் வரும். பயனரின் பாத் அதற்குப் பின்னால்தான். அதனால் பயனர் பாத்தில் நீங்கள் சேர்த்த புதிய கம்பைலருக்கு வாய்ப்பே கிடைக்காமல் போகும்.

என்ன ஆபத்து?

விஷுவல் சி++ கம்பைலரில் உருவான சி++ லைப்ரரியை ஜிசிசியில் உருவானதோடு இணைக்க முடியாது. ஜிசிசிக்குள்ளேயே, 2015இல் வந்த 5ஆம் பதிப்பு 'ஸ்ட்ரிங்' வகையின் உள்ளமைப்பை மாற்றியதால் பழைய லைப்ரரிகளோடு இணைப்புப் பிழைகள் எழுந்தன. பிழை கண்ணில் பட்டால் திருத்திவிடலாம். வேறொரு பதிப்பின் டிஎல்எல் கோப்பை (நிரல் ஓடும்போது சேரும் லைப்ரரியை) பிடித்துக்கொண்டு, நிரல் ஓடும்போது நின்றுபோவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது.

தீர்வு என்ன?

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'வேர் ஜிசிசி' என்று கேளுங்கள். எல்லா ஜிசிசிகளும் தேடல் வரிசைப்படியே தெரியும். வேண்டியதன் ஃபோல்டரைப் பொதுப் பாத்தில் மேலே வைத்து, கமாண்ட் ப்ராம்ப்ட்டை மூடித் திறங்கள். கம்பைலரை மாற்றினால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்து, முழுவதையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள். நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போது தேவையான டிஎல்எல் கோப்புகளை அதன் ஃபோல்டரிலேயே வையுங்கள். உபுண்டுவின் இயல்பான ஜிசிசியை நீக்காதீர்கள். புதிய பதிப்பை அதன் பக்கத்திலேயே நிறுவலாம்.

உங்கள் உரிமை

ஜிசிசி கட்டற்ற மென்பொருள்; எத்தனை பதிப்புகளை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதில் கம்பைல் செய்ததாலேயே உங்கள் நிரலின் மூலத்தை வெளியிடும் கட்டாயம் வராது. 2009இல் வந்த ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கு இதை உறுதிசெய்கிறது. விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி தனிநபருக்கும் வகுப்பறைக்கும் இலவசம். நிறுவனங்களுக்கு நிபந்தனைகள் உண்டு.

எதையும் அதிகாரபூர்வ இடத்திலிருந்தே பதிவிறக்குங்கள். ஐபோன் செயலிகளை உருவாக்க உதவும் மென்பொருள் எக்ஸ்கோடு. 2015இல் வேறு இடங்களில் கிடைத்த அதன் பிரதிகள் சிலவற்றில் 'எக்ஸ்கோடுகோஸ்ட்' தீநிரல் ஒளிந்திருந்தது. அவற்றால் உருவான செயலிகளிலும் அது புகுந்தது. உங்கள் கணினியில் ஓடும் கம்பைலர் எது, எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் அறிந்த பிறகே நிரலில் கை வையுங்கள்.