வயிற்றில் கட்டி என்றால் புற்றுநோய்தானா?



சுங்கை காடுட் வட்டாரத்தில், தோட்டமானாலும் தாமானானாலும், ஒரு பெண்ணுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தால் அந்த வீட்டில் அன்று அடுப்பெரியாது. புற்றுநோய்தான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பார்வைக்குப் பரவிய புற்றுநோய்போலவே இருந்தும் புற்றுநோயல்லாத ஓர் அபூர்வ நோயைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

கைகால் தசைகள் நாம் நினைத்தால் அசைகின்றன. கருப்பை, குடல் ஆகியவற்றின் தசைகளோ நம்மைக் கேளாமலே சுருங்கி விரிகின்றன. இவை மென்தசைகள். கருப்பையில் இத்தசை திரண்டு உருளுவதுதான் பல பெண்களுக்கு வரும் சாதாரணக் கர்ப்பப்பைக் கட்டி. மிகச் சிலருக்கு இத்தகைய கட்டிகள் கருப்பைக்கு வெளியே, வயிற்றறையின் உட்புறச் சவ்வின்மேல், பயறும் கடலையும் இறைத்தாற்போல் பரவிவிடுகின்றன. வில்சன், பீபடி என்ற மருத்துவர்கள் 1952-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ‘லியோமயோமடோசிஸ் பெரிட்டோனியாலிஸ் டிசெமினாட்டா’ என்பது இதன் மருத்துவப் பெயர்.

இக்கட்டிகள் வளரத் தூண்டுவது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜென் போன்ற பெண் சுரப்புநீர்கள். ஆகவே கர்ப்பக் காலத்திலும், கருத்தடை மாத்திரை உண்பவர்களிடமும் இது காணப்பட்டுள்ளது. சிறு துளையிட்டுச் செய்யும் அறுவையில் கர்ப்பப்பைக் கட்டியை இயந்திரத்தால் துண்டாக்கும்போது, சிதறி நின்றுவிட்ட துணுக்குகள் பின்னர் வளர்வதும் உண்டு. இதைத் தவிர்க்க, கட்டியைப் பைக்குள் வைத்துத் துண்டாக்கும் முறையும் வந்துள்ளது.

பலருக்கு வலியே இருக்காது. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது இது கண்ணில் படும். வெறும் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. சிறு துண்டெடுத்து நுண்பெருக்கியில் பார்க்கும் திசுச் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

பிள்ளை பெற்றபின், அல்லது மாத்திரையை நிறுத்தியபின், கட்டிகள் தாமே சுருங்குவதுண்டு. சிலருக்கு மருந்தோ அறுவையோ வேண்டியிருக்கும். மிக அரிதாகப் புற்றாக மாறக்கூடும் என்பதால், மருத்துவர் சொன்ன தவணைக்குத் தவறாமல் போகவேண்டும்.

தாய்மார்களே, வயிறு உப்பினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, மாதவிலக்கு மிகுந்தாலோ மந்திரிப்பதிலும் மறைப்பதிலும் நாள் கடத்தாதீர்கள். கிளினிக்கில் காட்டுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்பு செய்த அறுவையையும் உண்ணும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். “திசுச் சோதனை முடிவு வந்துவிட்டதா?” என்று கேளுங்கள். அது வரும்வரை வீட்டாரும் அண்டை அயலாரும் நோயாளிக்குத் துணை நிற்பதே நம் கடமை.