கடை கணக்கு வெள்ளத்தில் போனால் என்ன ஆகும்? 'கிளவுட்' முறைக்கு மாறும் முன் கவனிக்க வேண்டியவை

தூத்துக்குடி:

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களை புரட்டிப் போட்ட மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. கடைகள், குடோன்களுக்குள் வெள்ளம் புகுந்தது.

நனைந்த சரக்கை கூட மறுபடி வாங்கி விடலாம். மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி மூழ்கிப் போச்சுன்னா? யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு எத்தனை மணி நேரம் ஓவர்டைம், அட்வான்சில் எவ்வளவு பிடித்தம் என்ற கணக்கெல்லாம் அதோடு போச்சு. முதலாளிக்கு நஷ்டம். உழைத்தவருக்கு சம்பளத்தில் இழுபறி.

இந்த தொல்லையில் இருந்து தப்பிக்க ஒரு வழிதான் 'கிளவுட்' முறை.

மேகத்தில் இல்லை, கட்டிடத்தில்!

'கிளவுட்' என்றால் மேகம். ஆனால் வானத்தில் ஒன்றும் கிடையாது. பெரிய கம்பெனிகள் கட்டியுள்ள கட்டிடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு, பகலாக ஓடுகின்றன. அதில் நமக்கு தேவையான இடத்தை வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். மைக்ரோசாப்ட் 2015-ல் சென்னை, புனே, மும்பையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் இந்த வசதியை தொடங்கின.

கடை கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலும் வேறு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டால் கணக்கு அப்படியே வந்து நிற்கும்.

சட்டமும் இதை வலியுறுத்துகிறது. கம்பெனி சட்டப்படி பதிவான நிறுவனங்கள் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால், அதன் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் சேமிக்க வேண்டும் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு கணக்கு தாக்கலுக்கான கெடு நாளில் இருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும்.

அங்கேயும் தீப்பிடிக்கும்

கிளவுடுக்கு போனால் கவலையே இல்லை என்று நினைத்தால் தப்பு. பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10-ந்தேதி ஓ.வி.எச். நிறுவனத்தின் 5 மாடி சர்வர் கட்டிடம் தீயில் நாசமானது. வேறு இடத்தில் நகல் வைக்காத பல வாடிக்கையாளர்களின் தகவல்கள் திரும்பி வரவே இல்லை. எனவே கிளவுடில் ஒன்று, கடைக்கு வெளியே தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என 2 நகல் கட்டாயம் வேண்டும்.

அவசரமும் ஆகாது. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தனது வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே வார இறுதியில் புது கம்ப்யூட்டர் அமைப்புக்கு மாற்றியது. திங்கட்கிழமை லட்சக்கணக்கானோர் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தனர். 2022-ல் அந்த வங்கிக்கு சுமார் 4 கோடியே 86 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

எப்படி மாறுவது?

* முதலில் பழைய பில், ஸ்டாக் கணக்கை மட்டும் ஏற்றி பார்க்க வேண்டும். ஒரு மாதமாவது பழைய முறை, புது முறை இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும்.

* சம்பள நாள், ஜி.எஸ்.டி. தாக்கல் நாட்களில் கை வைக்கக் கூடாது.

* ஏற்றிய நகலை திரும்ப இறக்கி, திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

* கிளவுட் கணக்கை கடை பெயரில், முதலாளியின் போன் நம்பரில் தொடங்க வேண்டும். சாப்ட்வேர் போட்டுத் தந்தவர் நம்பரில் இருந்தால், அவர் போனதும் சாவியும் போச்சு.

* பாஸ்வேர்டுடன் ஓ.டி.பி.யும் கேட்கும்படி வைக்க வேண்டும். வேலையை விட்டு நின்றவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும்.

* வாடகை எடுத்த சர்வர் சும்மா ஓடினாலும் காசு ஏறும். தண்ணீர் நிறைந்த பிறகும் ஓடும் மோட்டார் மாதிரி. மாதா மாதம் பில்லை பார்க்க வேண்டும்.

* நெட் போனால் வேலை நிற்கும். மாற்றாக செல்போன் நெட் ஒன்று தயாராக இருக்கட்டும்.

* பழைய கம்ப்யூட்டரை காயலான் கடையில் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கை கழற்றி விட வேண்டும்.

சின்ன கடைக்கு இவ்வளவு வேண்டாம் என்றாலும், தினமும் கடை மூடும்போது கணக்கை ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்பி வைக்கலாம். அடுத்த மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.